இரு பழைய கமராக்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல்: நிக்கொன் டி3100, கெனன் 1100டி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில் நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்து பாலமுனைக்கு வருபவர், ஒரு பக்கத்தில் வயலையும் மறுபக்கத்தில் கடலையும் காண்பார். இத்தகைய ஊரிலே பிறந்து, கரைவலை இழுப்பவரையும் பெரும்போக நெல்லையும் நிக்காஹ் வைபவங்களையும் தம் கையாலேயே படமெடுக்க வேண்டுமென்று விரும்பும் ஓர் இளைஞரோ யுவதியோ, புதுக் கமராவின் விலையைக் கண்டு பின்வாங்க வேண்டிய அவசியமில்லை. நன்கு பேணப்பட்ட பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, படக்கலையின் அடிப்படைகள் அனைத்தையும் கற்பதற்கு இன்றும் போதுமானது.

2010 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கொன் டி3100, 2011 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கெனன் 1100டி ஆகிய இரண்டையும் இவ்வத்தியாயம் ஒப்பிடுகின்றது. இரண்டும் ஆரம்பநிலையினருக்கென அமைக்கப்பட்டவை. ஏறத்தாழ அரைக் கிலோ எடை கொண்டவை. குணங்களிற் பெரும்பாலும் சமமானவை. ஆதலால், எந்த நிறுவனத்தின் கமரா சிறந்தது என்று விவாதிப்பதைக் காட்டிலும், உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் அந்தக் குறிப்பிட்ட கமராவும் லென்ஸும் எந்நிலையில் உள்ளன என்று பரீட்சித்து அறிவதே பிரதானம். அந்தப் பரீட்சையை ஒழுங்காகச் செய்யும் முறையே இங்கு கூறப்படுகின்றது.

1. முதலில் உபயோகத்தைத் தீர்மானியுங்கள்

கமராவைக் கையிலெடுப்பதற்கு முன், அடுத்த ஓராண்டில் நீங்கள் பெரும்பாலும் எடுக்கப்போகும் படங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

1. கடற்கரை, வயல், சூரியோதயம் போன்ற வெளிப்புறக் காட்சிகள்.
2. மண்டபத்தினுள்ளும் வீட்டினுள்ளும் குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும் மனிதர் படங்கள்.
3. பாடசாலை விழா, உரை முதலியவற்றின் வீடியோப் பதிவு.

இம்மூன்றுள் எது முதன்மையானது என்பது தெளிவாகிவிட்டால், பின்வரும் வேறுபாடுகளுள் எவற்றுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

2. இரண்டும் ஒரே பார்வையில்

நிக்கொன் டி3100
- 14.2 மெகாபிக்சல், படத்தின் அளவு 4608 × 3072 புள்ளிகள்.
- ஐ.எஸ்.ஓ. 100 முதல் 3200 வரை. நீட்டிப்பில் 12800 வரை.
- 11 ஃபோகஸ் புள்ளிகள். 3 அங்குலத் திரை.
- வீடியோ 1080 வரி, வினாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு பதிவு 10 நிமிடத்துக்கு மேற்படாது.
- சென்சரை அதிரச்செய்து தூசு உதிர்க்கும் ஏற்பாடு உண்டு.
- பற்றரி ஈ.என்-ஈ.எல்.14, ஒரு தடவை மின்னேற்றினால் சுமார் 550 படங்கள்.

கெனன் 1100டி
- 12.2 மெகாபிக்சல், படத்தின் அளவு 4272 × 2848 புள்ளிகள்.
- ஐ.எஸ்.ஓ. 100 முதல் 6400 வரை.
- 9 ஃபோகஸ் புள்ளிகள், 2.7 அங்குலத் திரை.
- வீடியோ 720 வரி, வினாடிக்கு 25 அல்லது 30 சட்டகங்கள். கோப்பு 4 ஜீ.பி. ஆனதும் பதிவு நிற்கும்.
- தூசு உதிர்க்கும் ஏற்பாடு இல்லை.
- பற்றரி எல்.பி-ஈ10, ஒரு தடவை மின்னேற்றினால் சுமார் 700 படங்கள்.

குறிப்பு: அமெரிக்காவில் விற்கப்பட்ட 1100டி 'ரெபெல் டி3' என்றும், ஜப்பானில் விற்கப்பட்டது 'கிஸ் எக்ஸ்50' என்றும் பெயர் தாங்கியிருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கமராவில் இப்பெயர்களைக் கண்டால், அது வேறு இயந்திரமென எண்ணி மயங்க வேண்டாம்.

3. பொருட்படுத்த வேண்டிய வேறுபாடுகள்

மெகாபிக்சல் வேறுபாட்டை மறந்துவிடலாம். படத்தின் நீளத்தில் அது வெறும் 8 சதவீதம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அச்சுத் தரத்தில் கெனன் 14 அங்குலத்துக்கும், நிக்கொன் 15 அங்குலத்துக்கும் சற்று அதிகமான நீளம் தரும். 12 × 8 அங்குலப் படம் அச்சிடுவோருக்கு இரண்டும் ஒன்றே. பின்வரும் நான்கும் அப்படியல்ல.

லென்ஸ் பொருத்தம்: நிக்கொன் டி3100 இன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே 'ஏ.எஃப்-எஸ்' என்று பொறிக்கப்பட்டவை போன்று தமக்குள்ளேயே மோட்டார் கொண்ட லென்ஸ்களில் மாத்திரமே தானியங்கி ஃபோகஸ் இயங்கும். மலிவாகக் கிடைக்கின்ற பழைய 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 டி வகை லென்ஸை வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டியிருக்கும். 2016 இல் வெளிவரத் தொடங்கிய 'ஏ.எஃப்-பி' வகை லென்ஸ்களோ இந்தக் கமராவில் பொருந்தினாலும் ஃபோகஸ் ஆகமாட்டா. கெனனிலோ 1987 முதல் வந்த ஈ.எஃப். லென்ஸ்களும், 2003 முதல் வந்த ஈ.எஃப்-எஸ். லென்ஸ்களும் தானியங்கி ஃபோகஸுடன் இயங்கும். மண்டபத்தினுள் படமெடுக்க விரும்புவோருக்கு இது பெரிய சௌகரியம்.

தூசு: கடற்கரை மணலும், ஆண்டின் நடுப்பகுதியில் நிலத்திலிருந்து வீசும் கச்சான் காற்றின் புழுதியும் லென்ஸ் மாற்றுகின்ற வேளையில் உள்ளே புகும். நிக்கொனின் அதிர்வு ஏற்பாடு அதில் ஒரு பகுதியையேனும் உதிர்த்துவிடும். கெனன் பாவிப்பவர் ஊதுபந்தை எப்போதும் உடன்வைத்திருக்க வேண்டும்.

வெளிச்ச அளவீடு: நிக்கொனில் ஒரே புள்ளியின் வெளிச்சத்தை அளக்கும் முறை உண்டு, கெனனில் நடுப்பகுதியின் சுமார் பத்திலொரு பங்கை அளக்கும் முறையே உண்டு. மறுபுறம், ஒரே காட்சியை அளவான, குறைந்த, கூடிய வெளிச்சங்களில் அடுத்தடுத்து மூன்று படங்களாக எடுக்கும் தானியங்கி ஏற்பாடு கெனனில் உண்டு, நிக்கொனில் இல்லை. சூரியோதயத்தைப் படமெடுப்போர் இதை விரும்புவர்.

மெமரி கார்ட் இருக்கும் இடம்: நிக்கொனில் அது பக்கவாட்டில் உண்டு. கெனனில் பற்றரியோடு அடிப்புறத்தில் இருப்பதால், முக்காலியில் ஏற்றிய கமராவிலிருந்து கார்டை எடுக்கப் பெரும்பாலும் கமராவையே கழற்ற வேண்டிவரும்.

4. பரீட்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை

- நீங்கள் நம்பும் வெறுமையான எஸ்.டி. மெமரி கார்ட் ஒன்று.
- சிறிய கைவிளக்கு.
- சிறிய எழுத்துகள் நிறைந்த பத்திரிகைத் தாள்.
- இயலுமாயின் ஒரு மடிக்கணினியும் முக்காலியும்.

பகல் வேளையில், ஜன்னலோரத்தில் இருந்து பார்வையிடுங்கள். விற்பவர் அயலவராகவோ, நீங்கள் காக்கா என்றழைத்துப் பழகியவராகவோ இருந்தாலும், பரிசோதிக்க அரைமணி நேரம் வேண்டுமென்று முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தயக்கத்தினால் விடுபட்ட ஒரு பரிசோதனை, பின்னர் நட்பையே பாதிக்கக்கூடும்.

5. கமராவைப் பரிசோதிக்கும் வரிசை

1. வெளித்தோற்றம்: திருகாணிகளின் தலைகளும், லென்ஸ் பொருந்தும் உலோக வளையமும், ஃப்ளாஷ் பொருத்தும் தட்டும் துருப்பிடித்துள்ளனவா என்று நோக்குங்கள். பச்சை அல்லது வெண்படிவம் தென்பட்டால் அது உப்புக் காற்றிலோ கடல்நீரிலோ பட்ட கமராவாக இருக்கலாம். அதை வாங்காது விடுங்கள்.

2. பற்றரி அறை: உலோக முனைகள் சுத்தமாக இருக்க வேண்டும். பற்றரியை மேசைமீது வைத்து ஆட்டிப் பாருங்கள். தட்டையாக நில்லாமல் ஆடினால் அது வீங்கியிருக்கின்றது. சார்ஜர் 230 வோல்ட்டை ஏற்கும் என்பதை அதன் அடிப்புற எழுத்தில் உறுதிசெய்யுங்கள். முள்ளின் வடிவத்தையும் பாருங்கள்.

3. உட்கண்ணாடி: லென்ஸைக் கழற்றி, கமராவின் வாயை நிலம்நோக்கிச் சற்றுச் சாய்த்து, உட்கண்ணாடியிற் கீறலோ கறையோ உண்டா என்று பாருங்கள். விரலால் எதையும் தொட வேண்டாம்.

4. ஷட்டர்: 1 வினாடி, அறுபதிலொரு வினாடி, நாலாயிரத்திலொரு வினாடி ஆகிய வேகங்களில் படமெடுங்கள். மிகுவேகத்தில் எடுத்த படத்தின் ஒரு பக்கம் கறுத்திருந்தால் ஷட்டர் தளர்ந்துள்ளது.

5. சென்சர்த் தூசு: துவாரத்தை எஃப் 22 ஆகக் குறுக்கி, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். சிறு கரும்புள்ளிகள் தூசினால் ஆனவை, அவற்றைப் போக்கலாம். கீறல் போன்ற கோடு காணப்பட்டால் விலகுங்கள்.

6. எரிந்த புள்ளிகள்: லென்ஸ் மூடியை இட்டபடி ஐ.எஸ்.ஓ. 800 இல் இரண்டு வினாடிப் படமொன்று எடுங்கள். ஓரிரு வண்ணப்புள்ளிகள் சாதாரணம். அவை ஏராளமாக இருந்தாற் குறைபாடு.

7. லென்ஸ்: பின்புறமிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி, முன்புறமிருந்து சரிவாகப் பாருங்கள். சிலந்திவலை போன்ற நுண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். ஈரக்காற்றுள்ள கரையோரத்தில் மற்றெல்லாக் குறைகளிலும் முதலிற் தேட வேண்டியது இதுவே.

8. நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு: நிக்கொன் லென்ஸில் 'வீ.ஆர்.' என்ற எழுத்தையும், கெனன் லென்ஸில் 'ஐ.எஸ்.' என்ற எழுத்தையும் தேடுங்கள். 1100டி உடன் விற்கப்பட்ட 18–55 மில்லிமீற்றர் லென்ஸ்களுள் 'ஐ.எஸ்.' உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இல்லாததற்கு விலை குறைவாக இருத்தல் நியாயம்.

9. ஃபோகஸ்: பத்திரிகைத் தாளை மேசையில் விரித்து, சரிவாக நின்று நடுவரி ஒன்றைக் குறிவைத்து, துவாரத்தை இயன்றவரை அகலத் திறந்து எடுங்கள். குறிவைத்த வரியே மிகத் தெளிவாக இருக்க வேண்டும்.

10. ஷட்டர் எண்ணிக்கை: நிக்கொன் எடுத்த படக்கோப்பின் உள்விவரங்களில் அதுவரை எடுத்த படங்களின் மொத்தத் தொகை பதிந்திருக்கும், அதைக் கணினியில் வாசிக்கலாம். கெனன் 1100டி படக்கோப்பில் அது பதியாது; கமராவை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளால் வாசிக்க வேண்டும்.

உபாயம்: எண்ணிக்கையை வாசிக்க, கார்டிலிருந்து நேரே எடுத்த மூலக்கோப்பையே பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட படத்தில் இவ்விவரங்கள் அழிந்துபோயிருக்கும்.

6. இரண்டையும் அருகருகே ஒப்பிடும் முறை

இரு கமராக்களும் ஒரே நாளிற் கிடைக்குமாயின், இந்த வரிசையிற் செய்யுங்கள்.

1. பல நிறங்களும் நுண்ணிய விவரங்களும் கொண்ட காட்சியொன்றைத் தெரிந்தெடுங்கள். புத்தக அலுமாரி மிகப் பொருத்தம்.
2. முக்காலியில் ஏற்றி, பத்து வினாடித் தாமதத்தில் எடுங்கள்.
3. சென்சரின் அளவு வேறுபடுவதால், நிக்கொனில் 50 மில்லிமீற்றர் வைத்தால் கெனனில் 47 மில்லிமீற்றர் அளவில் வைக்க, காட்சியின் பரப்புச் சமமாகும்.
4. துவாரம் எஃப் 8. நிறச் சமநிலை இரண்டிலும் ஒன்றே. நிக்கொனின் 'அக்டிவ் டி-லைட்டிங்', கெனனின் 'ஓட்டோ லைட்டிங் ஒப்டிமைசர்' ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். அவை தாமாகவே நிழலை வெளிறச்செய்து ஒப்பீட்டைக் குழப்பும்.
5. ஐ.எஸ்.ஓ. 100, 400, 1600, 3200 ஆகியவற்றில் ஒவ்வொரு படம் எடுங்கள்.
6. ஒரே கணினித் திரையில், ஒரே பருமனில் வைத்துப் பாருங்கள். நிழற்பகுதியின் புள்ளித் தெறிப்பையும், மூலைகளின் தெளிவையும் ஒப்பிட்டு, அபிப்பிராயத்தை உடனே எழுதிவையுங்கள்.

7. வழக்கமாக நேரும் தவறுகள்

- கமராவின் பின்திரையை நம்பித் தீர்மானித்தல். பெரிய திரையில் படம் அழகாகத் தோன்றுவது திரையின் குணமேயன்றிப் படத்தின் குணமன்று.
- உடலை மலிவாக வாங்கிவிட்டு, லென்ஸுக்கும் பற்றரிக்கும் பணமில்லாது நிற்றல். உடல், லென்ஸ், பற்றரி, சார்ஜர், கார்ட், பை ஆகியவற்றின் மொத்தத் தொகையையே கணக்கிடுங்கள்.
- நீண்ட உரையைப் பதிவுசெய்ய நிக்கொனை நிறுத்திவிட்டு அப்பாற் செல்லல். பத்தாவது நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். மீண்டும் பொத்தானை அழுத்துவதற்கு ஒருவர் அருகிருக்க வேண்டும்.
- இரண்டிலும் வெளி மைக் பொருத்தும் துளை இருக்குமென்று எண்ணல். இரண்டிலும் அது இல்லை. நல்ல ஒலி வேண்டுமாயின் கைப்பேசியில் தனியே பதிவுசெய்து பின்னர் சேர்க்க வேண்டும்.

8. பாதுகாப்பு: தவறாது கைக்கொள்ள வேண்டியவை

1. பாலமுனைக் கடற்கரை கிழக்கு நோக்கியது. இங்கு சூரியன் கடலிலிருந்தே எழுகின்றது. அந்தக் காட்சியை எடுக்கும்போது பார்வைச் சாளரத்தினூடாகச் சூரியனை நேரே நோக்காதீர்கள். லென்ஸ் ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குள் செலுத்துவதால் நிரந்தரமான பார்வைக் கேடு நேரலாம். சூரிய விளிம்பு தோன்றுமுன் சட்டகத்தை அமைத்துக்கொண்டு, தோன்றியதும் கண்ணை எடுத்துவிடுங்கள். சென்சரும் கெடக்கூடுமாதலால், பின்திரை முறையையும் நீண்டநேரம் சூரியனை நோக்கித் திறந்துவைக்க வேண்டாம்.
2. வீங்கிய பற்றரியை மின்னேற்றாதீர்கள், தீப்பற்றக்கூடும். மேலதிக பற்றரியின் உலோக முனைகள் சாவிக்கொத்தோடு உரசாதவாறு, அதற்குரிய மூடியோடு வையுங்கள்.
3. கமராவின் உடலை நீங்களே திறக்க முயலாதீர்கள். உள்ளிருக்கும் ஃப்ளாஷ் மின்தேக்கி, பற்றரியைக் கழற்றிய பின்னரும் கடுமையான அதிர்ச்சி தரக்கூடிய மின்னழுத்தத்தை வைத்திருக்கும்.
4. கரைவலை இழுபடும்போது கயிற்றின் உட்புறத்தில் நிற்காதீர்கள். கடலரிப்பினால் குடைந்துள்ள மணல் விளிம்புகளில் முக்காலி நாட்டாதீர்கள். பார்வைச் சாளரத்தில் மூழ்கியிருப்பவருக்குக் காலடி சரிவது தெரியாது.
5. ஒலுவில் துறைமுகம் போன்ற இடங்களில் அனுமதி பெற்றே படமெடுங்கள். வைபவங்களிற் பெண்களைப் படமெடுப்பதற்கு அவர்களதும் வீட்டாரதும் சம்மதத்தை முதலிற் கேளுங்கள்.

9. உப்புக் காற்றிற் பேணுதல்

இவ்விரு கமராக்களுள் எதுவும் நீரையும் தூசையும் தடுக்கும் காப்புடையது அன்று. ஆகவே கடற்கரையிலிருந்து வீடு திரும்பிய ஒவ்வொரு முறையும் இவ்வொழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

1. லென்ஸைக் கழற்றாமலே, ஊதுபந்தினாலும் மென்தூரிகையினாலும் மணலை அகற்றுங்கள். மணல் இருக்கையிற் துணியால் துடைத்தால் கண்ணாடியிற் கீறல் விழும்.
2. நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போக்குங்கள். லென்ஸின் கண்ணாடிக்கு அதற்கென உள்ள துணியையே உபயோகியுங்கள்.
3. காற்றுப் புகாத பிளாஸ்திக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். உள்ளே 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் பொருத்தமானது. அதைக் காட்டும் சிறு அளவுமானியையும் உள்ளே வைக்கலாம்.
4. மாரிமழைக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவையேனும் வெளியே எடுத்து உபயோகியுங்கள். இருளில், ஈரத்தில், அசையாது கிடக்கும் லென்ஸையே பூஞ்சணம் பற்றுகின்றது.

எச்சரிக்கை: ஈரத்தை உறிஞ்சுமென்று கருதி அரிசிக்குள் கமராவைப் புதைக்காதீர்கள், அதன் மாவும் தூசும் இடுக்குகளிற் புகும். பூச்சி உருண்டையையும் கற்பூரத்தையும் அருகில் வைக்க வேண்டாம். லென்ஸ் மாற்றுவதை வீட்டினுள், கமராவை நிறுத்திவிட்டு, வாய் கீழ்நோக்கியிருக்கச் செய்யுங்கள். உட்கண்ணாடி அறைக்குள் வாயால் ஊதாதீர்கள், உமிழ்நீர்த் துளி தூசைவிடக் கேடு.

10. தீர்ப்பு

இரண்டும் சமநிலையில், சம விலையில் கிடைக்குமாயின், வெளிப்புறக் காட்சிகளையும் வீடியோவையும் முதன்மையாகக் கொண்டவர் நிக்கொன் டி3100 ஐ எடுக்கலாம். தூசு உதிர்க்கும் ஏற்பாடும், புள்ளி அளவீடும், 1080 வரி வீடியோவும் அவருக்குப் பயன்தரும். மண்டபத்தினுள் மனிதரைப் படமெடுக்க விரும்புபவரும், காலப்போக்கில் பழைய லென்ஸ்களைக் குறைந்த செலவிற் சேர்க்க எண்ணுபவரும் கெனன் 1100டி ஐ எடுக்கலாம். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை அதனோடு சேர்த்துக்கொண்டால், ஃப்ளாஷ் இன்றியே வீட்டினுள் நல்ல படங்கள் அமையும்.

இரண்டும் சமநிலையில் இல்லையெனில், மேற்கூறிய வகைப்பாட்டை ஒதுக்கிவைத்து, லென்ஸ் தெளிவாகவும் உலோகம் துருவற்றும் ஷட்டர் ஒழுங்காகவும் உள்ள கமராவையே தயங்காது தெரிந்தெடுங்கள். இரண்டிலும் பூஞ்சணமோ துருவோ காணப்பட்டால் வெறுங்கையோடு திரும்புங்கள். பழைய கமராக்கள் இன்னும் பல விற்பனைக்கு வரும், பொறுத்திருப்பவருக்கு நல்லதொன்று அகப்படும். வாங்கிய பின்னர், வேறு கமராவைப் பற்றிய விசாரணையை நிறுத்திவிட்டு, ஓராண்டுக் காலம் அந்த ஒன்றையே நாள்தோறும் கையாளுங்கள்.